ஐம்பது நாற்காலிக்குக் குறையாமல்

1

போன வாரம் மகளின் பள்ளிக்கூடத்தில் பாட்டுக் கச்சேரி. முடிந்ததும் எல்லோரும் கேக்கும் காப்பியும் வைத்திருந்த மேஜைப் பக்கம் நகர்ந்தார்கள். நான் மட்டும் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். யாரும் சொல்லவில்லை, கை தானாகப் போய்விட்டது. பத்துப் பத்தாக, முதுகெல்லாம் ஒரே பக்கம் பார்க்கிற மாதிரி. மூன்றாவது அடுக்கில் இருக்கும்போது மகள் நிலா ஓடிவந்தாள். பன்னிரண்டு வயது. அந்த வயதில் அம்மா மூச்சு விடுவதே பிள்ளைகளுக்கு மானக்கேடு.

"அம்மா, ப்ளீஸ். அதுக்கெல்லாம் ஆள் இருக்காங்க."

"நானும் ஆளுதான்டி."

"எல்லாரும் பாக்குறாங்க."

பார்க்கட்டும். என் அப்பா திருப்பரங்குன்றத்தில் பந்தல் கடை வைத்திருந்தவர். நாற்காலி, சாமியானா, அண்டா, குண்டான், கடைசிக் காலத்தில் கண்ணாடி மூடி போட்ட ஐஸ் பெட்டி ஒன்று. காதுகுத்து, சடங்கு, கட்சிக் கூட்டம், கல்யாணம், எழவு எல்லாவற்றுக்கும் அதே நாற்காலிதான். காலையில் ஒப்பாரி கேட்ட நாற்காலி, சாயங்காலம் ரிசப்ஷனில் பன்னீர் தெளிக்கப்பட்டு உட்கார்ந்திருக்கும். யாராவது முகம் சுளித்தால் அப்பா சொல்வார்: "சேருக்குத் தீட்டு இல்லய்யா. கழுவுனா கல்யாண சேரு, கழுவாட்டி எழவு சேரு. அம்புட்டுதான்."

அவருக்கு இரண்டு கறாரான விதிகள். ஐம்பதுக்குக் கீழே நாற்காலி அனுப்பமாட்டார். "அம்பதுக்குக் கொறஞ்சா அது விசேஷம் இல்ல, பஞ்சாயத்து" என்பார். இரண்டாவது, எழவு வீட்டில் பிணம் தெருமுனையைத் தாண்டுகிற வரைக்கும் ஒரு நாற்காலியைக்கூட நகர்த்தக் கூடாது. தாண்டிய மறுநிமிடம் அவரே குரல் கொடுப்பார்: "சேரத் தூக்குங்கடா!" அந்தச் சத்தம் கேட்டால்தான் செத்தவர் நிஜமாகவே போய்விட்டார் என்று எங்கள் தெரு ஒத்துக்கொள்ளும்.

நேற்றோடு அப்பாவுக்கு வருஷம் திரும்பிவிட்டது. கை அதனால்தான் தானாகப் போனது போல. ஊரில் இருக்கிற நீங்கள் யாராவது இதைப் படித்துவிட்டு "வெளிநாட்டுக்குப் போயும் சேர்தான் அடுக்குறியா" என்று கேட்டால், ஆமாம், அதைத்தான் செய்கிறேன்.

2

நியூசிலாந்துக்கு வா வா என்று நான் பல வருஷம் கூப்பிட்டும் அப்பா வரவில்லை. "நான் அங்க வந்தா இங்க சாகுறவுகளுக்கு யாரு சேர் போடுறது?" என்பார். பிறகு கடையை அண்ணன் முருகேசன் முழுதாகப் பார்க்க ஆரம்பித்தான். ஆடி மாதம் கல்யாணமும் இல்லாததால் ஒருவழியாக விமானம் ஏறினார்.

நாங்கள் இருப்பது சின்ன ஊர். நான் முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை பார்க்கிறேன். என் வீட்டுக்காரர் பாண்டி ரொட்டித் தொழிற்சாலையில். அவருக்கும் ஊர் எங்கள் பக்கம்தான், டி. கல்லுப்பட்டி. மாமனாரும் மருமகனும் ஒரே ஆளைப் போல் பேசிக்கொண்டு என்னை ஓட்டுவதுதான் இரண்டு பேருக்கும் பொழுதுபோக்கு.

வந்த இரண்டாம் நாளே அப்பா என் வேலை இடத்தைப் பார்க்க வேண்டும் என்றார். கூட்டிப்போனேன். கூடத்தில் வயதானவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு என் காதோரம் சொன்னார்: "பாப்பா, நல்ல சேருதான். ஆனா பாக்க வர ஆளக் காணோமே."

ஆவணி பிறந்ததும் அவரைத் தெற்கே மலைகளைக் காட்டக் காரில் அழைத்துப் போனோம். பனி மூடிய மலைகள், ஒன்றன்பின் ஒன்றாக. வண்டி முழுக்க ஆச்சரியக் குரல். அப்பா மட்டும் குறையாகவே பார்த்துக்கொண்டு வந்தார்.

"என்ன மாமா, புடிக்கலையா?" என்றார் பாண்டி.

"மல நல்லாத்தேன் இருக்கு மாப்ள. இம்புட்டு மல இருந்து, ஒண்ணுல கூட முருகன் இல்லையே. சும்மா வச்சிருக்கானுக பாருங்க."

மத்தியானம் ஒரு ஏரிக்கரையில் நிறுத்தினோம். தண்ணீரைப் பார்த்த மாதிரி மரப் பெஞ்சு ஒன்று. முதுகுச் சட்டத்தில் சின்னப் பித்தளைத் தகடு. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். இந்த ஊர்க்காரர் ஒருவர் நினைவாக அவர் குடும்பம் போட்டது, அவருக்கு இந்த இடம் பிடிக்கும் என்று எழுதியிருக்கிறது என்றேன்.

அப்பா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. "அடப் பாவிகளா! செத்தவனுக்குச் சேர் போட்ருக்கானுக! நாம செத்தவனப் பாக்க வந்தவனுக்குல்ல போடுறோம்!" பெஞ்சை இரண்டு கையாலும் ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை. "சாமான் கெட்டி" என்று சான்றிதழ் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். "நீங்க கரையோரம் போய்ட்டு வாங்க. நான் இப்படி இருக்கேன்."

நாங்கள் கரைக்குப் போனோம். நிலா தண்ணீரில் கல்லெறிந்து விளையாடினாள். திரும்பிவந்தபோது அப்பாவின் தலை லேசாகச் சாய்ந்திருந்தது. தூங்குகிறார் என்று நினைத்து, குல்லாவைக் காதுவரை இழுத்துவிட்டேன். அப்புறம்தான் தெரிந்தது.

3

இங்கே ஒருவர் திடீரென்று வெளியிடத்தில் இறந்தால் முதலில் வருவது போலீஸ். வந்த பையன் ரொம்ப மரியாதையானவன். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்டான்.

"அவருக்கு மன உளைச்சல் ஏதாவது இருந்ததா?"

பாண்டி என்னைப் பார்த்தார். நான் சொன்னேன்: "அவர் மத்தவங்களுக்குக் குடுப்பார். அவருக்கு இருந்ததில்லை."

"தொழில்?"

எழவு வீட்டுக்கும் கல்யாணத்துக்கும் நாற்காலி வாடகைக்கு விடுவார் என்று விளக்கினேன். அவன் சற்று யோசித்து 'நிகழ்ச்சி மேலாளர்' என்று எழுதிக்கொண்டான். அப்பாவுக்குச் செத்தபிறகு கிடைத்த பதவி உயர்வு.

அப்புறம் உடம்பை எடுத்துக்கொண்டு போனார்கள். திடீர் மரணம் என்றால் விசாரணை அதிகாரி பார்த்துச் சரி சொன்னால்தான் தருவார்கள். எப்போது சொல்வார்? சொல்லும்போது சொல்வார். ஊருக்குக் கொண்டுபோவது என்றால் அதற்குமேல் உடம்பைப் பதப்படுத்திய சான்று, தூதரகச் சான்று, விமானச் சரக்குப் பிரிவின் அனுமதி. அப்பாவை 'சரக்கு' என்று முதன்முதலாகக் கேட்டபோது கோபம் வந்தது. பிறகு, அவரே டாஸ்மாக் பக்கம் போகாத ஆள், இப்படிச் சரக்காகிவிட்டாரே என்று பாண்டி சொன்னபோது சிரிப்பும் வந்தது. சாவு வீட்டில் சிரிக்கலாமா என்று கேட்காதீர்கள். அங்கே சாவு இருந்தது, வீடு இல்லை. ஏரிக்கரை ஊரில் ஒரு விடுதி அறை, அவ்வளவுதான்.

பார்க்கிறவர்கள் எல்லோரும் "உங்கள் இழப்புக்கு வருந்துகிறோம்" என்றார்கள். விடுதிக்காரர், போலீஸ், பெட்ரோல் பங்க்காரர், எல்லோரும் ஒரே வாக்கியம். நல்ல மனிதர்கள். ஆனால் எனக்கு யாராவது வந்து அப்பாவைத் திட்டவேண்டும் போலிருந்தது. "படுபாவி, இதுக்காடா ஏரோப்ளான் ஏறிப் போன?" என்று தலையில் அடித்துக்கொண்டு ஒரு ஆள் திட்டினால் எனக்கு அழுகை வந்திருக்கும். வரவில்லை. நாள் கணக்கில் வறண்டுபோய் உட்கார்ந்திருந்தேன்.

அண்ணனுக்கு முதல் நாளே சொல்லிவிட்டேன்.  அவன் முதலில் கேட்டது இதுதான்.

"முகம் எப்படி இருக்கு?"

"தூங்குற மாதிரி இருக்குண்ணே."

"சரி. நீ கூட்டிட்டு வா. நான் மத்தத ஏற்பாடு பண்றேன்."

மற்றதை ஏற்பாடு செய்கிறேன் என்றால் என்ன என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

4

எங்கள் வீட்டு ஆண்களுக்குத் துக்கம் வந்தால் கையில் நாற்காலி வந்துவிடும். சாவுச் செய்தி வந்தால் அரைமணி நேரத்தில் சாமியானா ஏறிவிட வேண்டும், அதுதான் கடையின் பெயர். அண்ணன் போனை வைத்தான், எழுந்தான், பையன்களைக் கூப்பிட்டான். கடையில் இருந்த அம்புட்டு நாற்காலியையும் தெருவில் இறக்கிவிட்டான். சாமியானா கட்டியாயிற்று. தெருமுனையில் 'கண்ணீர் அஞ்சலி' பிளக்ஸ் ஏறியாயிற்று. கூடத்தில் ஐஸ் பெட்டியை வைத்து, பிளக்கைச் சொருகி, குளிர் ஏறுகிறதா என்று கைவிட்டும் பார்த்துவிட்டான்.

அப்போதுதான் மதினி கேட்டிருக்கிறாள்: "ஏங்க, உள்ள வைக்க மாமா எங்க?"

ஆனால் அதற்குள் சனம் வந்துவிட்டது. அப்பா நாற்காலி போடாத வீடு அந்தப் பக்கத்தில் கிடையாது. எல்லோரும் மாலையோடு வந்து நின்றார்கள்.

"பெரியவரு எங்கப்பா?"

"வந்துக்கிட்டு இருக்காரு."

"எதுல?"

"ஏரோப்ளான்ல."

"அப்ப இருந்து பாத்துட்டே போறோம்" என்று உட்கார்ந்தார்கள். எப்படிப் போவார்கள்? கேதத்துக்கு வந்தவர் முகம் பார்க்காமல் எழுந்தால் மரியாதையா? அன்றைக்குப் போனார்கள், மறுநாள் வந்தார்கள். அதற்கடுத்த நாளும் வந்தார்கள். பிணம் எடுக்கிற வரைக்கும் வீட்டில் அடுப்பு எரியக் கூடாது என்பதால் பக்கத்து வீடுகளிலிருந்து இட்லியும் சாம்பார் சாதமும் வந்துகொண்டே இருந்தன. முறை வைத்துக் கொண்டுவந்தார்கள். நான்காவது நாளில் மதினி எனக்குப் போன் செய்து ரகசியமாகச் சொன்னாள்: "ஏத்தா, சீக்கிரம் வாங்க. உங்கண்ணனுக்குத் தொப்ப போட்ருச்சு."

ஐஸ் பெட்டி காலியாகவே ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தலாம் என்றால், அமத்தினால் அபசகுனம் என்றார் பெரியப்பா. யாரோ ஒரு அக்கா அதில் தயிர்ப் பாக்கெட்டை வைத்தாள். அடுத்து ஒருத்தி மல்லிகைப் பூ. கொஞ்ச நேரத்தில் தெருவில் கெட்டுப்போகக்கூடியது முழுக்க அதற்குள் போய்விட்டது. வெளியூரிலிருந்து வந்த ஒரு மாமா அழுதுகொண்டே மாலை போடக் குனிந்திருக்கிறார். உள்ளே பார்த்தால் நான்கு பால் பாக்கெட்டும் ஒரு தர்ப்பூசணியும்.

இதெல்லாம் சிரிப்பாக இருந்தாலும் அண்ணனுக்குள் ஒன்று அறுத்துக்கொண்டே இருந்தது எனக்குத் தெரியும். தினமும் கேட்டான்: "எப்ப பாப்பா?" அம்மா போனபோது அவன் சென்னையில் வேலையாக இருந்தான், வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அப்பாவின் முகத்தையும் பார்க்காமல் விட முடியாது அவனால். எத்தனை நாளானாலும் சரி, சாமியானாவைப் பிரிக்கமாட்டேன் என்று உட்கார்ந்திருந்தான்.

அப்போதுதான் வாடிப்பட்டிக்காரர் வந்தார். ஞாயிற்றுக்கிழமை அவர் மகளுக்குக் கல்யாணம். விமானம் ஏறுவதற்கு முன்னால் அப்பாவே வாக்குக் கொடுத்திருந்தார்: நாற்காலி நம்முடையதுதான், கவலைப்படாதே. இப்போது முகூர்த்த மாதம், எந்தக் கடையிலும் ஒரு நாற்காலி கிடையாது. மனிதர் கேதம் கேட்டு அழுதார், துண்டால் முகத்தைத் துடைத்தார், கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார், மெதுவாக எழுந்து அண்ணனிடம் வந்தார்.

"முருகேசா, தப்பா நெனைக்காத. சேரு..."

"அண்ணே, பாத்துக்கிட்டுத்தான இருக்கீக. அப்பா இன்னும் தெருமுன தாண்டல."

"அது தெரியுதுப்பா. ஆனா அவரு இன்னும் தெருவுக்கே வரலையே."

பெரியப்பா எகிறினார்: "எழவு வீட்ல சேர் கேட்டு வந்த மொத ஆள் நீதான்யா!"

"நான் என்ன அண்ணே பண்ண? அவரு குடுத்த வாக்கு. மாப்ள வீட்டுக்காரங்களத் தரையிலயா உக்காத்தி வைக்க?"

 அண்ணன் அந்த மனிதரை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, காப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பினானாம்.

5

வெள்ளிக்கிழமை விசாரணை அதிகாரி சரி சொன்னார். இயற்கை மரணம், இதயம். இனி எங்கள் பாடு. ஊருக்குக் கொண்டுபோக இன்னும் ஒரு வாரமாவது ஆகும், அதுவும் காகிதமெல்லாம் ஒழுங்காக நகர்ந்தால். இங்கேயே தகனம் என்றால் மறுநாள் மதியமே முடியும். அண்ணனுக்குப் போன் போட்டேன். என்ன செய்யட்டும் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. இரண்டு வழியையும் சொல்லிவிட்டு நிறுத்தினேன்.

 அவனுக்குப் பின்னால் யாரோ யாருக்கோ தயிர் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"பாப்பா, அப்பா இருந்தா என்ன சொல்லுவாரு?"

"எனக்குத் தெரியும்ண்ணே. நீயே சொல்லு."

"'சேர எதுக்குடா இத்தன நாளா வெயில்ல போட்டு வச்சிருக்க, வெளுத்துப் போயிரும்'னு சொல்லுவாரு."

இரண்டு பேரும் சிரித்தோம். அவன் சிரிப்பு பாதியில் வேறாக மாறியது. காத்திருந்தேன்.

"அங்கயே முடிச்சிரு. முகத்த மட்டும் காட்டிரு எனக்கு."

தகன நிலையத்து ஏற்பாடுகளைப் பார்த்த பெண்மணிக்கு ஹீதர் என்று பெயர். மெல்லிய குரல். பூ என்ன, பாட்டு என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டவர் கடைசியில் கேட்டார்: "எத்தனை பேர் வருவார்கள்? எத்தனை நாற்காலி போடட்டும்?"

"மூன்று" என்று சொல்ல வாயெடுத்தேன். நான், பாண்டி, நிலா. மூன்று. என் அப்பாவுக்கு மூன்று நாற்காலி. அத்தனை நாளும் வராத அழுகை அங்கே வந்தது. ஹீதர் மேஜையைச் சுற்றி ஓடிவந்தார். பாண்டி தோளைப் பிடித்தார். மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னேன்: "ஐம்பது. ஐம்பதுக்குக் குறையாமல் போடுங்கள்."

மறுநாள் ஐம்பது நாற்காலியும் போட்டிருந்தார்கள். வெள்ளை உறை மாட்டி, வரிசை பிசகாமல். நாங்கள் மூன்று பேரும் முன்வரிசையில். எங்களுக்கு மதியம், அவர்களுக்குக் காலை. அண்ணன் தெருவில் பெரிய டீவியை வைத்து வீடியோ அழைப்பை அதில் காட்டினான். கிரிக்கெட் பார்க்க வாங்கிய டீவி. இங்கே பெட்டியில் ஆள், நாற்காலியெல்லாம் காலி. அங்கே நாற்காலியெல்லாம் ஆள், பெட்டியில் தர்ப்பூசணி.

போனை அப்பாவின் முகத்துக்கு நேரே பிடித்தேன். ஒப்பாரி ஆரம்பித்தது. உடனே நின்றது. படம் உறைந்துவிட்டதோ என்று நினைத்தேன். அண்ணன் குரல் வந்தது.

"யாரு பாப்பா இது? பேங்க் மேனேஜர் மாதிரி இருக்காரு?"

அப்போதுதான் நானும் சரியாகப் பார்த்தேன். ஹீதரின் ஆட்கள் பாசமாகத் தலையை வகிடெடுத்துச் சீவி, கன்னத்தில் லேசாகப் பவுடர் போட்டிருந்தார்கள். போனைப் பாண்டியிடம் கொடுத்தேன். என் கையாலேயே அப்பாவின் தலையைக் கலைத்தேன், எப்போதும் இருக்கிற மாதிரி, காத்தில் சாமியானா கட்டிய மாதிரி. பவுடரைத் துடைத்தேன். திருப்பரங்குன்றத்து விபூதி என் கைப்பையில் இருந்தது, பட்டையாகப் பூசினேன்.

"இப்ப?"

"ம்" என்றான்.  தெருவே மொத்தமாக அழுதது. யாரோ ஒரு அத்தை, பெயர் தெரியவில்லை, மாரில் அடித்துக்கொண்டு "கெழட்டுப் பயலே, சேர் போட்டவன் உக்காரக்கூட இங்க வரலையேடா!" என்று அப்பாவைத் திட்டினாள். எனக்கு நிறைவாக இருந்தது.

பெட்டியை உள்ளே அனுப்புகிற பொத்தானை அமுக்கவேண்டிய நேரம். பெரியப்பா டீவிக்குக் கிட்டே வந்தார். திரை முழுக்க அவர் மூக்கு.

"பொம்பளப் புள்ள கொள்ளி வைக்கிறதா?"

மொட்டைத் தலையோடு அண்ணன் அவரை நகர்த்தினான். "கொள்ளி எங்க இருக்கு பெரியப்பா? அது சுவிச்சு. நம்ம வீட்ல லைட்டப் போடுறது யாரு? பாப்பா, நீ அமுக்குத்தா."

அமுக்கினேன். பெட்டி மெதுவாக உள்ளே போனது. திரை மூடியது. இங்கே சத்தமில்லை. அங்கேயும் சத்தமில்லை. அடுத்து என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. இந்த இடத்தில் எப்போதும் அப்பாதான் குரல் கொடுப்பார்.

அண்ணன் எழுந்தான். தொண்டையைச் செருமினான்.

"சேரத் தூக்குங்கடா!"

கடைப் பையன்கள் ஓடிவரவில்லை. சனம் அவர்களை வர விடவில்லை. உட்கார்ந்திருந்தவர்களே எழுந்து, அவரவர் நாற்காலியை அவரவர் தலைக்குமேல் தூக்கிக்கொண்டார்கள். பெரியப்பாவும்தான். பாண்டி கையிலிருந்த போனில் பார்த்தேன், சிவப்பும் நீலமுமாக நாற்காலிகள் வரிசையாகத் தெருமுனை நோக்கிப் போயின. முனையில் குட்டியானை வண்டிகள் நின்றன. கழுவி, துடைத்து ஏற்றினார்கள். முன் வண்டியில் வாடிப்பட்டிக்காரர் ஏறி உட்கார்ந்து, எங்கள் வீட்டைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். வண்டி தெருமுனையைத் தாண்டியது.

இங்கே நான் வெள்ளை உறைகளைக் கழற்றி அடுக்க ஆரம்பித்தேன். "நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று ஹீதர் சொன்னார். கேட்கவில்லை. பத்துப் பத்தாக ஐந்து அடுக்கு.

6

கல்யாணம் முடிந்து நாற்காலிகள் கடைக்குத் திரும்பிய அன்று அண்ணன் கூப்பிட்டான். "ஒரு சேர் கொறையுது பாப்பா." கேட்டியா என்றேன். கேட்கவில்லையாம். எழவு வீட்டில் ஒன்று குறைந்தால் அப்பாவும் கேட்கமாட்டார். "யாரோ வீட்ல உக்கார ஆள் கூடியிருக்கு போல, விடுறா" என்பார்.

நேற்றுக் காலையில் வருஷத்துக்காக ஏரிக்கரைக்குக் கிளம்பினோம். வண்டியின் பின்பக்கம் எதையோ இடித்துக்கொண்டு நிலா ஏற்றிக்கொண்டிருந்தாள். என்ன என்று கேட்டால் பின்கதவைச் சாத்திவிட்டாள். போய் இறங்கினால், அப்பா உட்கார்ந்த பெஞ்சில் ஒரு வெள்ளைக்காரத் தாத்தாவும் பாட்டியும் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள்.

"எழுந்திருக்கச் சொல்லவா?" என்றார் பாண்டி.

"உக்காந்திருக்கட்டும். அவங்க சேருதான" என்றேன்.

நிலா வண்டியின் பின்கதவைத் திறந்தாள். முகாம் போகும்போது கொண்டுபோகிற மடக்கு நாற்காலிகள். மூன்றை எடுத்து விரித்தாள், பெஞ்சுக்கு இணையாக, வரிசை பிசகாமல். பிறகு நான்காவதையும் எடுத்து விரித்தாள். முதுகைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். அந்த ஆட்டலை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

பாட்டி ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு, ஏதாவது விசேஷமா, இன்னும் ஆட்கள் வருகிறார்களா என்று அன்பாகக் கேட்டார்.

"எங்கள் தாத்தாவுக்கு" என்றாள் நிலா, அவர்கள் மொழியில், கண் சிமிட்டாமல். "ஐம்பது பேருக்குக் குறையாமல் வருவார்கள்."

இரண்டு பேரும் பதறிப்போய், பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்கள்.